சிகரத்தில் ஒரு கொடி. முதுகில் யார் சுமை?



நாட்டில் ஒரு புதிய உபதேசம் நடந்து வருகிறது. கூலி உயர்வு கேட்டால் உபதேசம். வேலை கேட்டால் உபதேசம். விபத்துக்கு நஷ்டஈடு கேட்டால் அதற்கும் உபதேசம். "மனம் இருந்தால் இமயமும் காலடியில்" என்கிறார்கள் கனவான்கள்.

மில் ஆபீஸ் சுவரில் பனிமலைப் படம். காசு வாங்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் பனிமலைப் படம். வட்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனியின் காலண்டரிலும் அதே பனிமலைப் படம். உச்சியில் ஒருவர் கொடி பிடித்து நிற்கிறார். முயன்றவன் உயர்ந்தான் என்று அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்.

அதன் உட்பொருள் என்ன? உயராதவன் முயலவில்லை என்பதுதானே! கால் வீங்க நின்று ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் பெண் முயலவில்லையாம். சித்திரை வெயிலில் சீமைக் கருவேல வேரைத் தோண்டிக் கரிமூட்டம் போடுகிறவன் முயலவில்லையாம். மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, விதைத்த மிளகாய் கருகிப்போய், மூட்டை முடிச்சோடு திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறவனும் முயலவில்லையாம். அவரவர் வறுமை அவரவர் சோம்பலால் வந்ததாம். எழுதாமல் எழுதியிருக்கும் வாசகம் இதுதான்.

இந்தப் புளுகை வேறு எங்கும் போய் உடைக்க வேண்டியதில்லை. அவர்கள் காட்டும் மலையை வைத்தே உடைக்கலாம். அந்த மலையில் சுமை தூக்கியவர்கள் யார், செத்தவர்கள் யார், பெயர் வாங்கியவர்கள் யார், ஒரு நாள் சுமையைக் கீழே வைத்துவிட்டு "இனி ஏற மாட்டோம்" என்றவர்கள் யார் என்று கணக்குப் பார்ப்போம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். சுமந்தவன் கணக்கைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

நம் ஜில்லாவின் பெண்

2023-ம் ஆண்டு மே 23-ந் தேதி, நமது விருதுநகர் ஜில்லாவில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார். தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சிகரம் ஏறிய முதல் பெண் அவர். 1984-ல் இதே மே 23-ந் தேதிதான் பச்சேந்திரி பால், இந்தியாவின் முதல் பெண்ணாக அங்கே ஏறினார். 39 ஆண்டுகளுக்குப் பின் அதே நாளில் நமது கரிசல் காட்டுப் பெண் ஒருவர் நின்றது சாதாரணச் செய்தி அல்ல. பெண் பிள்ளை வாசலைத் தாண்டினால் முணுமுணுக்கும் ஊர்களுக்கு அவர் ஓங்கிக் கொடுத்த பதில் அது. அவரைப் பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். இந்தக் கட்டுரையில் அவருக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை.

நமது சண்டை அவரோடு அல்ல. அவர் படத்தைக் காட்டி நம்மை அதட்டுகிறவர்களோடுதான்.

வீரசோழன் சந்தையில் மூடை தூக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது, அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சந்தோசம் தம்பி. அம்புட்டு உசரத்துக்குச் சாமானெல்லாம் போகணுமே, அதத் தூக்கிட்டுப் போனவன் யாரு?"

எந்தப் பெரிய பத்திரிகையும் கேட்காத கேள்வி இது. நாற்பது வருஷம் முதுகில் மூடை ஏற்றியவருக்குத்தான் அது தோன்றியது.

பதில் இதுதான். 2023 ஏப்ரல் 12-ந் தேதி, அதே மலையில், அதே ஏறும் பருவத்தில், கும்பு பனியாற்றில் சுமை கொண்டு சென்ற மூன்று ஷெர்ப்பாத் தொழிலாளர்கள் மேலிருந்து சரிந்த பனிப்பாறையில் புதைந்து போனார்கள். அவர்கள் கொண்டு சென்றது தங்கள் சாமான் அல்ல. பின்னால் ஏற வருகிறவர்களுக்கான சாமான். அவர்கள் புதைந்து 41 நாட்கள் கழித்து நம் ஊர்ப் பத்திரிகைகளில் கொடி பறந்த படம் வந்தது. புதைந்தவர்களைப் பற்றி எத்தனை வரி வந்தது? நீங்கள் படித்தீர்களா?

மலைக்கு யார் பெயர்?

இந்த அநியாயம் நேற்று முளைத்தது அல்ல. மலைக்குப் பெயர் வைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது. அதன் வேர் நமது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி நிலத்தை அளக்கத் தொடங்கினார். கும்பெனி ஆட்சிக்கு வரி வசூலிக்க வேண்டும், பட்டாளம் நடத்த வேண்டும். அதற்குத் தேசப்படம் வேண்டும். அந்த அளவைதான் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து, தலைமுறைகள் கடந்து இமயமலை வரை போயிற்று. அவர்கள் கையாண்ட கோணமானிக் கருவியின் எடை சுமார் அரை டன். 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது, கருவி மோதி நசுங்கியது. கருவி நசுங்கிய கதையும் அதை லாம்டன் செப்பனிட்ட கதையும் சரித்திரத்தில் இருக்கின்றன. கயிறு இழுத்த கைகளின் கதையைத்தான் காணோம். சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள், காடு வெட்டியவர்கள் காய்ச்சலில் கும்பல் கும்பலாக விழுந்தார்கள். அவர்களுக்குச் சரித்திரத்தில் கிடைத்த பெயர் "கூலிகள்".

சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட வேலையில் தலையாய பங்கு ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணித மேதைக்கு உண்டு. 1856-ல் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். பெயர் மட்டும் யாருக்குப் போயிற்று? வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து போய்விட்ட ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற சர்வே அதிகாரிக்கு! தம் பெயரை வைக்க வேண்டாம் என்று அந்த மனிதரே சொல்லிப் பார்த்தார், ஏகாதிபத்தியம் கேட்கவில்லை. 1865-ல் பெயர் நிலைத்தது. மலையடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சோமோலுங்மா என்று அழைத்து வந்தது ஏட்டில் ஏறவில்லை.

வேலை ஒருவனுக்கு, பெயர் இன்னொருவனுக்கு. நூற்றவன் கந்தல் கட்டுவதும், நூற்காதவன் பட்டு உடுத்துவதும் மில்லில் மட்டும் நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள்.

செத்தவர்கள் ஏழு பேர்

பெயர் வைத்த பிறகு ஏற வந்தார்கள். 1922 ஜூன் 7-ந் தேதி, திபெத் பக்கமிருந்து ஏறிய பிரிட்டிஷ் கோஷ்டியின் மீது பனிச்சரிவு விழுந்தது. செத்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் சுமை தூக்கிகள். வெள்ளைக்காரர் ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்தக் கோஷ்டியில் இருந்தவர் டாக்டர் சோமர்வெல். செத்த ஏழு பேரில் தங்களில் ஒருவர்கூட இல்லையே என்று அவர் மனம் வெதும்பி எழுதினார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவில் சுற்றியபோது, இன்று கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கும் நெய்யூருக்கு வந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வரிசை வரிசையாகக் கிடந்ததையும், வைத்தியருக்குப் பஞ்சம் இருந்ததையும் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்வை உதறிவிட்டு நெய்யூரிலேயே தங்கினார். பிற்காலத்தில் வேலூரிலும் பணி செய்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நமது தென்னாட்டு ஏழைகளின் வயிற்றை அறுத்து வைத்தியம் பார்த்தார். அவருடைய மதப் பிரசாரத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மலையில் செத்த கூலிகளின் கணக்கு ஒரு மனிதனின் மனசாட்சியை உலுக்கியது என்றால், அந்த மனசாட்சிக்கு மரியாதை செய்கிறோம்.

ஒரு டாக்டரின் மனசாட்சி விழித்தது. முறை விழித்ததா? 1934-ல் நங்க பர்பத் என்ற சிகரத்தில் ஜெர்மன் கோஷ்டி புயலில் சிக்கியபோது மூன்று ஜெர்மானியரோடு ஆறு ஷெர்ப்பாக்களும் மடிந்தார்கள். அவர்களில் கெய்லே என்பவர், இறங்கித் தப்ப முடிந்தும், நடக்க முடியாத தலைவரை விட்டு வர மனமின்றி அவர் பக்கத்திலேயே இருந்து உயிர்விட்டார் என்று சொல்கிறார்கள். இப்படிப்பட்ட விசுவாசத்தைப் புகழ்ந்து புத்தகம் எழுதுவார்கள். அவன் பெண்டு பிள்ளைக்குச் சோறு போடுவது எப்படி என்று எழுத மாட்டார்கள்.

டென்சிங்குக்குக் கிடைத்த இடம்

பிறகு 1953. இந்த ஒரு ஆண்டைப் பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். மே 29-ந் தேதி காலை 11-30 மணிக்கு டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பாடத்தில் இல்லாததைச் சொல்கிறோம்.

அந்தக் கோஷ்டியின் சாமானை அடிவாரத்துக்குக் கொண்டு சேர்க்க 350-க்கும் மேற்பட்ட சுமைகூலிகள் நடந்தார்கள். புறப்படும் முன் காத்மாண்டுவில் வெள்ளைக்காரர்களுக்குப் பிரிட்டிஷ் தூதரகத்தில் அறை. ஷெர்ப்பாக்களுக்குத் தூதரகத்தின் கார் கொட்டகை! கக்கூஸ்கூட இல்லை. மறுநாள் காலை ஷெர்ப்பாக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தூதரகத்தின் முன்னால் சாலையிலேயே வரிசையாக நின்று சிறுநீர் கழித்தார்கள். மகஜர் எழுதத் தெரியாதவர்கள், தங்களுக்குத் தெரிந்த பாஷையில் கொடுத்த மகஜர் அது!

டென்சிங் சுமை தூக்கியாக 1935-ல் அந்த மலைக்குப் போனவர். 1953-ல் அவருக்கு அது ஏழாவது முயற்சி. மலையின் வழியை அவரைவிட அறிந்தவர் அந்தக் கோஷ்டியில் யார்? வெற்றிச் செய்தி ஜூன் 2-ந் தேதி, எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நாளில் லண்டனில் வெளியாயிற்று. ராணிக்குக் கிடைத்த பரிசு என்று கொண்டாடினார்கள். கோஷ்டித் தலைவர் ஹண்டுக்கு "சர்" பட்டம். ஹில்லரிக்கு "சர்" பட்டம். டென்சிங்குக்கு? ஒரு பதக்கம். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறிய இருவரில் ஒருவர் "சர்". மற்றவர் பதக்கம் பெற்ற "ஷெர்ப்பா"!

அந்த நாளின் புகழ் பெற்ற படத்தில், பனிக் கோடரியை உயர்த்தி உச்சியில் நிற்பவர் டென்சிங்தான், எடுத்தவர் ஹில்லரி. இன்று நிலைமை தலைகீழ். காசு கட்டி வருகிறவர் உச்சியில் நிற்கிறார். படம் எடுத்துக் கொடுப்பவர் டென்சிங்கின் இனத்துத் தொழிலாளி. படத்தில் அவர் எப்படித் தெரிவார்?

சிகரம் ஏறுவது எப்படி நடக்கிறது?

மில்லைப் பார்க்காதவனுக்குத் துணி தானாக வந்தது போலத் தோன்றும். மலையைப் பார்க்காதவனுக்கு ஒருவர் தனியாக நடந்து ஏறியது போலத் தோன்றும். உள்ளே போய்ப் பார்ப்போம்.

எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர், 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு. நேபாளப் பக்கத்தில் அடிவாரக் கூடாரமே ஐயாயிரத்து முன்னூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. அது வரை சாமான் எருமை போன்ற யாக் மாடுகளின் முதுகிலும், மனிதர்களின் முதுகிலும் வருகிறது. டோக்கோ என்ற மூங்கில் கூடை. அதைத் தாங்க நெற்றியில் ஒரு பட்டை. தன் உடம்பின் எடைக்குச் சமமான பாரத்தை நெற்றியில் தாங்கி நடப்பது அங்கே அன்றாடக் காட்சி.

அடிவாரத்தைத் தாண்டியதும் கும்பு பனியாறு. வீடு வீடாக உயர்ந்த பனிப்பாறைகள். அவை நகர்கின்றன, பிளக்கின்றன, சரிகின்றன. பருவம் தொடங்கும் முன்பே ஒரு தொழிலாளர் குழு போய் பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைப் போட்டு, கயிறு கட்டி வழி செய்கிறது. பனி நகர நகர ஏணி சாயும். மறுபடியும் போய்ச் சரிசெய்ய வேண்டும். அதற்கு மேலே உச்சி வரைக்கும் இன்னொரு குழு கயிறு கட்டுகிறது. நான்கு இடங்களில் கூடாரம் போட வேண்டும். கூடாரம், அடுப்பு, எரிவாயு, உணவு, ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் அந்தப் பனியாற்றின் வழியாகப் பெரும்பாலும் தொழிலாளி முதுகில்தான் போகின்றன. காசு கட்டியவர் அந்த எமவாசலைச் சில தடவை கடப்பார். சுமை தூக்குகிறவர் ஒரே பருவத்தில் பல மடங்கு தடவை கடக்க வேண்டும். எமனுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள் என்றால், யார் பெயரில் அதிகச் சீட்டு இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எட்டாயிரம் மீட்டருக்கு மேல் மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே காசு கட்டியவர் தமக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்து, தமக்காகச் சுமந்து வந்த சிலிண்டரில் மூச்சு வாங்கி ஏறுகிறார். அதுவும் கடினமான வேலைதான். உயிரைக் கொடுக்கும் வேலைதான். இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது தனி ஆளின் வேலை அல்ல. நூற்றுக்கணக்கான கைகள் நெய்த துணியின் மேல் ஒருவர் முத்திரை குத்துகிறார்.

மலை நின்ற நாள்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மலையேறிய வீரர்களின் வாழ்க்கையை உங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கிறவர்கள், இந்த அத்தியாயத்தை மட்டும் கிழித்துவிட்டார்கள்.

2014 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி ஆகவில்லை. கும்பு பனியாற்றில் தொழிலாளர்கள் சாமானோடு மேலே போய்க்கொண்டிருந்தார்கள். மலையின் மேற்குத் தோளிலிருந்து மாபெரும் பனிப்பாறை பெயர்ந்து விழுந்தது. 16 பேர் மாண்டார்கள். 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மூன்று பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

நேபாள சர்க்கார் என்ன அறிவித்தது? ஈமச் சடங்குச் செலவுக்குக் குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். நம் பணத்தில் 25,000 ரூபாய்! அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஏறுவோரிடம் அனுமதிக் கட்டணமாக அந்தச் சர்க்கார் வாங்கியது முப்பது லட்சம் டாலருக்கு மேல். ஏற்றிச் செல்லும் கம்பெனிகள் ஒவ்வொரு ஆளிடமும் பல்லாயிரம் டாலர் தனியே வாங்கியிருந்தன. இத்தனை பணம் கொட்டும் மலையில், உயிர் கொடுத்தவன் வீட்டுக்குப் பிணம் எரிக்கும் செலவு!

அன்றுதான் ஷெர்ப்பாக்கள் சுமையைக் கீழே வைத்தார்கள்.

அடிவாரத்தில் கூடினார்கள். செத்தவர்களுக்கு அஞ்சலி செய்தார்கள். கோரிக்கைப் பட்டியல் எழுதினார்கள். இன்ஷ்யூரன்ஸ் தொகையை உயர்த்து. இறந்தவர் குடும்பத்துக்கும் ஊனமுற்றவருக்கும் தகுந்த நஷ்டஈடு கொடு. அனுமதிக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நல நிதிக்கு ஒதுக்கு. செத்தவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பு. இவை நியாயமற்ற கோரிக்கைகளா? அருப்புக்கோட்டையில் எந்த மில் வாசலிலும் வாசித்துப் பாருங்கள். மலை என்ற சொல்லை எடுத்துவிட்டால் நம் கோரிக்கைகள் போலவே இருக்கும்.

கம்பெனிக்காரர்களும் அவர்களுடைய பத்திரிகைகளும் பாடிய பல்லவியும் நமக்குப் பழக்கமானதுதான். "சில இளவட்டங்கள்தான் தூண்டுகிறார்கள், மற்ற ஷெர்ப்பாக்கள் ஏறத் தயார்" என்றார்கள். எந்த வேலைநிறுத்தத்தில் முதலாளி இதைச் சொல்லாமல் இருந்தான்? மந்திரியே ஹெலிகாப்டரில் அடிவாரத்துக்குப் பறந்து வந்து சமாதானம் பேசினார். சில கோரிக்கைகளை ஒப்புக்கொண்டார். ஆனாலும் தோழர்கள் புதைந்து கிடக்கும் பனியை மிதித்து ஏற அந்தத் தொழிலாளர்கள் மறுத்தார்கள்.

என்ன ஆயிற்று? உலகின் மிக உயர்ந்த மலையின் நேபாளப் பக்கம் அந்தப் பருவத்தில் மூடிக்கொண்டது. காசு இருந்தது, கூடாரம் இருந்தது, மனவுறுதி மூட்டை மூட்டையாக இருந்தது, சிகரமும் அங்கேயே இருந்தது. சுமை தூக்குகிறவன் மட்டும் இல்லை. கோஷ்டி கோஷ்டியாக எல்லோரும் வீடு திரும்பினார்கள். சீனத்திலிருந்து வந்த பணக்காரப் பெண்மணி ஒருவர் மட்டும் ஹெலிகாப்டரில் பனியாற்றைத் தாண்டிப் போய், வேறு தொழிலாளர்கள் துணையோடு ஏறினார். விதிவிலக்குகூட எதைக் காட்டுகிறது? பணத்துக்கும் தொழிலாளிக்கும் வெளியே அங்கே வேறு மந்திரம் இல்லை என்பதைத்தான்!

விளைவையும் சொல்கிறோம். ஏறும் தொழிலாளிக்குக் கட்டாய இன்ஷ்யூரன்ஸ் 10 லட்சம் நேபாள ரூபாயிலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது. நம் பணத்தில் ஒன்பது லட்சத்துச் சொச்சம். கேட்டது அதற்கும் மேல். முழு வெற்றி அல்ல. ஆனால் உபதேசத்தால் வந்தது அல்ல; சுமையைக் கீழே வைத்ததால் வந்தது.

ஆட்சேபணைக்காரர்களுக்குப் பதில்

"ஷெர்ப்பாக்கள் மற்ற நேபாளிகளைவிட அதிகம் சம்பாதிக்கிறார்களே" என்பார்கள். ஆம். அனுபவமுள்ள ஒருவர் ஒரு பருவத்தில் சில ஆயிரம் டாலர் பெறுவது உண்டு. காசு கட்டியவர் உச்சி தொட்டால் அதற்குத் தனி போனஸும் உண்டு. ஆனால் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் கிடைக்கும் அந்தக் கூலியில்தான் முழு வருஷமும் குடும்பம் ஓட வேண்டும். அந்த போனஸ்தான் ஆபத்தான நாளில்கூட அவரை மேலே தள்ளுகிறது. உற்பத்தி போனஸைக் காட்டி ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டும்போது விரல் யாருக்குப் போகிறது என்பது மில் தோழர்களுக்குத் தெரியும். சராசரியைவிட நான்கு காசு கூடத் தருவது, உயிரை விலைக்கு வாங்கிய ரசீது ஆகாது.

"விருப்பப்பட்டுத்தானே போகிறான்" என்பார்கள். பசி கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு விருப்பம் என்று பெயரா? பெற்றோருக்கு முன்பணம் காட்டி, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருகிறோம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரில் பெண் பிள்ளைகளை மில் விடுதிகளில் பூட்டி வைத்தபோதும் இதே வாதம்தான் சொன்னார்கள்.

"மலையில் எல்லோரும் சமம், அங்கே ஜாதி, பணம் இல்லை" என்பார்கள். 2023 ஜூலை 27-ந் தேதி, இமயத்தை அடுத்த காரகோரம் மலையில் கே-2 சிகரத்துக்கு வழி செய்யப் போன பாகிஸ்தான் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் உச்சிக்குக் கீழே வழுக்கி விழுந்தார். அந்த உயரத்துக்கு வேண்டிய கனத்த உடை அவர் மேல் இல்லை. முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி இல்லை. உதவி செய்தோம், முடியவில்லை என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள், விசாரணையும் நடந்தது. யார் குற்றம் என்று தீர்ப்பு சொல்ல நாம் நீதிபதி அல்ல. ஆனால் பாதையில் கிடந்த அந்த மனிதரைத் தாண்டித் தாண்டிப் பலர் உச்சிக்குப் போனதை உலகமே படத்தில் பார்த்தது. பணம் கட்டிய ஒருவர் அங்கே கிடந்திருந்தால் அத்தனை பேரும் தாண்டிப் போயிருப்பார்களா? சமத்துவம் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஏழை ஏறக் கூடாதா?

"நீங்கள் ஏழைகளின் ஆசையையே குலைக்கிறீர்கள்" என்றும் சிலர் சொல்லக்கூடும். நாமா குலைக்கிறோம்?

ஷெர்ப்பாக்கள் சுமையைக் கீழே வைத்த அதே 2014-ல், மே 25-ந் தேதி, மலையின் மறுபக்கமான திபெத் வழியாக ஒரு சிறுமி எவரெஸ்ட் ஏறினாள். பெயர் மாலாவத் பூர்ணா. வயது 14 நிரம்பவில்லை. இன்றைய தெலுங்கானாவில், நிஜாமாபாத் பக்கத்துக் கிராமம். லம்பாடி என்ற பழங்குடி. பெற்றோர் விவசாயக் கூலிகள். அவளோடு ஏறிய ஆனந்த் குமார் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பையன்.

எப்படி ஏறினார்கள்? காலண்டர் வாசகத்தைப் படித்தா? அரசாங்கத்தின் சமூகநல உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அவர்கள். மூன்று வேளைச் சோறு கிடைத்தது. பாறை ஏறப் பயிற்சி கிடைத்தது, டார்ஜிலிங்குக்கு அனுப்பினார்கள். அரசாங்கப் பணத்தில் சாதனம் வந்தது. அந்தப் பிள்ளைகளின் துணிவு பெரிது. ஆனால் அத்தகைய துணிவு நம் நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இல்லையா? கொதிக்கும் மணலில் செருப்பில்லாமல் ஓடுகிற பிள்ளைகளுக்குத் துணிவா பஞ்சம்? பஞ்சம் சோற்றுக்கும், பயிற்சிக்கும், பணத்துக்கும்தான். எவரெஸ்ட் ஏற நேபாளம் வாங்கும் அனுமதிக் கட்டணம் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து ஆளுக்கு 15,000 டாலர்! முத்தமிழ்ச்செல்விக்கும் தமிழ்நாடு அரசு நிதி கொடுத்து உதவியது. அது சரியான காரியம். மக்கள் பணம் மக்கள் பிள்ளைகளை உயர்த்தட்டும் என்பதுதான் நமது கொள்கையும். ஆனால் "அரசாங்கம் எதற்கு, தன் முயற்சி போதும்" என்று உபதேசிக்கிறவர்கள் இந்தச் செய்தியை வாயில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

நமது மலை எது?

2018-ல் மத்திய சர்க்கார் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜில்லாக்களைப் பொறுக்கி எடுத்து "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று பெயர் சூட்டியது. அதில் நமது விருதுநகர் ஜில்லாவும் ஒன்று. பெயரைக் கவனித்தீர்களா? பின்தங்கிய ஜில்லா என்று சொன்னால் பின்தங்க வைத்தது யார் என்ற கேள்வி வரும். விழையும் ஜில்லா என்று சொல்லிவிட்டால், விழைவது நம் வேலை; அவர்கள் வேலை தீர்ந்தது! காலண்டர் படத்து உபதேசம் கெஜட்டிலும் ஏறிவிட்டது.

விழைவுக்கு நம்மிடம் குறைவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அவர்களும் பிழைக்க விழைந்துதான் போனார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்களே, அவர்களும் விழைந்துதான் போனார்கள். ஒவ்வொரு முறையும் நிவாரண அறிவிப்பு, இரங்கல் செய்தி, விசாரணை. பிறகு அடுத்த வெடி வரை மௌனம். ஷெர்ப்பாவுக்குப் பனி, நமக்கு மருந்துத் தூள். சடங்குச் செலவுக்குப் பணம் கொடுத்துக் கணக்கை முடிக்கும் கை மட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

எனவே நாம் கேட்கிறோம்:

மலையேறுவோருக்கு அரசு நிதி கொடுக்கட்டும். கூடவே, அவர்களுக்குச் சுமை தூக்கும் தொழிலாளிக்குக் கூலியும் இன்ஷ்யூரன்ஸும் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுக்கட்டும். பாராட்டு மேடையில் ஏறியவர் பெயரோடு ஏற்றியவர் பெயரையும் வாசிக்கட்டும்.

பூர்ணாவுக்குக் கிடைத்த சோறும் பயிற்சியும் நமது கூலிக்காரப் பிள்ளைகள் தங்கும் அரசு விடுதிகளிலும் கிடைக்கட்டும்.

வெடியிலும் எந்திரத்திலும் சாகிறவனின் குடும்பத்துக்குப் பிச்சையாக அல்ல, உரிமையாக நஷ்டஈடு கிடைக்கட்டும். விபத்துக்குப் பின் நிவாரணத்தை உயர்த்துவதைவிட, விபத்துக்கு முன் சோதனையை உயர்த்தட்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. சந்தையில் மூடை தூக்குவோர், கரிமூட்டம் போடுவோர், லாரியில் பாரம் ஏற்றுவோருக்கெல்லாம் 1982-ல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, நலவாரியங்கள் ஏற்பட்டன. பதிவு செய்யாதவர் நம்மில் எத்தனை பேர்! விபத்து நடந்த பிறகு கார்டைத் தேடிப் பயன் இல்லை. இந்த வாரமே சங்கத்துக்கு வாருங்கள், பதிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். வேனில் மில்லுக்குப் போகும் நம் பெண்கள் தனித்தனியாக மேஸ்திரியிடம் கெஞ்சுவதை விட்டு, ஒன்றாக நின்று பேசட்டும்.

எவரெஸ்டின் அடிவாரத்தில், எழுத்துப் படிப்புக்கு வழியில்லாமல் சிறு வயதில் சுமைக்கு வந்தவர்கள் பலர் இருந்த ஒரு கூட்டம், உலகத்துக்கு ஒரு பாடம் எழுதிக் காட்டியது. உச்சியில் யார் நின்றாலும், மலை நிற்பதும் நகர்வதும் சுமக்கிறவன் கையில் இருக்கிறது என்பதே அந்தப் பாடம். மில் சக்கரமும் அப்படித்தான். வயல் வரப்பும் அப்படித்தான்.

சுமப்பவர் பெயரும் எழுதப்படட்டும்! சுமப்பவர் குடும்பமும் வாழட்டும்!

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!